ஆமென் சொன்னால் வேகும் சோறு

வங்காளத் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் பிரேம்குமாரின் வீட்டில், அவர் ஜெபம் பண்ணி ஆமென் சொன்னால்தான் சோறு வேகும். அடுப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும், ஆவி மூடியைத் தள்ளும். அரிசி மட்டும் கடையில் வாங்கியபடியே கிடக்கும். பருப்பும் அப்படித்தான், உருளைக்கிழங்கும் அப்படித்தான். முட்டையை எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் உடைத்தால் வழியும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பானைக்கு மேல் கையை நீட்டி, குடும்பத்துக்காகவும் சபைக்காகவும் தேசத்தை ஆளுகிறவர்களுக்காகவும் வேண்டி முடித்ததும் எல்லாம் ஒன்றாக வெந்துவிடும். வெங்காய விலையைப் பேசுகிற அளவுக்குக்கூட அந்தக் கட்டடத்தில் யாரும் இதைப் பேசவில்லை.

கல்யாணமான புதிதில் இது கிடையாது. மகள் சாதனாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பிரேம்குமாரின் அப்பா தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்திலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். வாரக் கூலியைக் குடித்துவிட்டு லாரிகளுக்கு நடுவில் படுத்துக் கிடப்பார், மகன் போய் எழுப்பிக் கூட்டி வருவான். அந்த மகன்தான் இப்போது சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா, தமிழ்ச் சபையில் செயலாளர். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இந்த வீட்டுக்குத் தலையாக இருப்பேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பத் தாமதமானது, சோறு வேகவில்லை. வந்து ஜெபித்தார், வெந்தது. முழங்காலில் விழுந்து அழுதார். அது நிஜமான அழுகை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் மனைவி சௌந்தரம் எல்லாம் செய்து பார்த்தாள். அரிசியை மாற்றினாள், குக்கரை மாற்றினாள், தானே ஜெபித்துப் பார்த்தாள். எல்லோரும் சித்தி முறை சொல்லிக் கூப்பிடும் எதிர் வீட்டு ஷிப்ரா மாஷியின் அடுப்பில் அதே அரிசி பூப்போல வெந்தது. கொண்டுவந்தபோது நிலைப்படியைத் தாண்டியதும் கிண்ணத்தில் வேகாத அரிசியாகக் கலகலத்தது. கடையில் வாங்கிய பாவ்ரொட்டி பைக்குள் மாவாகிவிட்டது. ஷிப்ரா மாஷி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நான் காளியைக் கும்பிடுகிறவள், என் அடுப்பில் வேகிறதே, உங்கள் வீட்டில் தெய்வம் ஆண்டவரா, உன் புருஷனா என்று வங்காள மொழியில் கேட்டாள். சௌந்தரம் சிரித்து வைத்தாள்.

சபைக்கு இது பெருமையாகிவிட்டது. வருடாவருடம் தந்தையர் ஞாயிறு அன்று பிரேம்குமார் மேடையேறிச் சாட்சி சொன்னார். ஆண்கள் கைதட்டினார்கள், இரண்டொருவர் வீட்டில் ஜெபிக்காமல் இருந்து பார்த்து, வேகாமல் நிற்கும் என்று நினைத்த சோறு குழைந்துபோய்த் தலைகுனிந்தார்கள். போதகர் அன்று மனைவிகள் கீழ்ப்படிய வேண்டிய பகுதியை வாசிப்பார். அதற்கு அடுத்த வரிகளில் புருஷன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் சொல்லியிருப்பதை வாசிக்க நேரம் இருக்காது. கேக் வெட்ட வேண்டும்.

ஜெபத்தைப் பண்ணாமலும் இருக்கலாம் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். சௌந்தரம் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போக வேண்டும் என்று கேட்ட அன்று அவருக்குத் தலைவலி வந்தது, ஜெபம் இல்லை. சாதனா மாஷியோடு பூஜா பந்தல் பார்க்கப் போய், சீரியல் விளக்கு வெளிச்சத்தில் எக் ரோல் தின்றுவிட்டு வந்த அன்று ஜெபம் இல்லை. அவள் முடியைக் கத்தரித்த அன்று இல்லை. அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அடிக்காத புருஷன் கிடைத்தது உன் பாக்கியம் என்று பெண்கள் ஐக்கியத்தில் சௌந்தரத்திடம் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கொரோனாவுக்கு அடுத்த வருடம் சாதனா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பாலிகஞ்சில் ஒரு கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள். பிரேம்குமார் அவளைச் சாயர்புரத்தில் ஊழியக்காரர் மகன் ஒருவனுக்குப் பேசி முடித்திருந்தார். பையன் கீபோர்டு வாசிப்பான், வேறு வேலை இல்லை. சாதனா முடியாது என்றாள். அன்றோடு ஜெபம் நின்றது.

"நீ சரின்னு சொல்லு, சொன்ன நிமிஷம் ஜெபம் பண்ணுதேன்" என்றார் பிரேம்குமார். "அம்மா பட்டினி கெடக்கது உன் கையிலதான் இருக்கு, பாத்துக்க."

வாழைப்பழம், கொய்யா, வெள்ளரிக்காய், ஊறவைத்த நிலக்கடலை. வீட்டில் அவ்வளவுதான் தின்ன முடிந்தது. அவர் துறைமுக வாசல் கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவார். பிரியாணியில் ஊற்றும் கேவ்ராவின் தாழம்பூ வாசனை சட்டையில் இருக்கும்; அதைத் துவைப்பது சௌந்தரம். தாயும் மகளும் ஷிப்ரா மாஷி வீட்டில் போய்ச் சாப்பிட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பது எளிது. அது காளிக்குப் படைக்கிற வீடு, அங்கே கை நனைக்கக்கூடாது என்பது பிரேம்குமார் போட்ட சட்டம். அதைவிடப் பெரிய காரணம், குடும்பத் தலைவன் ஜெபிக்காத சாப்பாட்டைத் தின்பது திருட்டு என்று சௌந்தரம் மனதார நம்பினாள். ஞாயிறு பள்ளியிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. பசித்தவளை அதைவிட நன்றாகக் கட்டிப்போடக் கயிறு கிடையாது.

போதகர் வந்தார். அந்த அடுப்பில் தேயிலைக்கு நிறம் இறங்காது என்பதால் தண்ணீர் மட்டும் குடித்தார். சாதனாவைக் கூப்பிட்டு, தகப்பனுடைய மனசு பிதாவானவருடைய மனசுக்கு நிழல் மாதிரி என்று பொறுமையாக விளக்கினார்.

"ஆண்டவர் அப்பத்தை ஆசீர்வதிச்சது பசியா இருந்தவங்க சாப்பிடுததுக்கு" என்றாள் சாதனா. "எங்கப்பா ஆசீர்வதிக்காம இருக்கது நாங்க பசியா இருக்கதுக்கு. இதுல எது எதுக்கு நிழல், ஐயா?"

பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி என்று அவர் பிரேம்குமாரிடம் சொல்லிவிட்டு, இறுதிவரை உறுதியாக நிற்கச் சொல்லிக் கிளம்பினார். பிள்ளை அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று ஆண்டவர் கேட்ட கேள்வியை அந்த வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் மகன்தான் கேட்கிறான். மகள் கேட்டால் என்ன கொடுக்கலாம் என்று எழுதவில்லை போலிருக்கிறது.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கியபோது சௌந்தரம் குழாயடியில் மயங்கி விழுந்தாள். மாஷியும் சாதனாவும் தூக்கிவந்து படிக்கட்டுத் தளத்தில், வாசலுக்கு வெளியே, சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அம்மாவின் மணிக்கட்டு இவ்வளவு மெலிந்துவிட்டதை சாதனா அப்போதுதான் கவனித்தாள். உள்ளே போனாள். அவர் நாற்காலியில் இருந்தார்.

"அப்பா, நான் சரின்னு..."

"ஏளா, வாய மூடு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் சௌந்தரம் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதனால் இருவரும் மூடினார்கள்.

சௌந்தரம் சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்ளே வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டுத் தளத்தில் வைத்தாள். மகளை சிலிண்டரை உருட்டிவரச் சொன்னாள். அரிசி களைந்து போட்டாள். மூன்றாம் மாடிக்காரர்கள் காய்கறிப் பையோடு அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். செயலாளர் பெண்டாட்டி படிக்கட்டில் சமைப்பதை ஊரே பார்த்தது. பிரேம்குமார் நிலைப்படி வரை வந்தார்.

"என்னட்டி செய்யுத? மானம் போவுது, உள்ள வா."

சௌந்தரம் முக்காட்டை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆண்டவரே, பசிக்குது. ஆமென்."

அந்த ஜெபத்துக்காகத்தான் வெந்தது என்று சொல்ல முடியாது. வெளியே எல்லா அரிசிக்கும் ஆகிற நேரம்தான் இதற்கும் ஆனது. உப்பு போட்டு, மாஷி கொடுத்த பருப்பை ஊற்றி மகளுக்கு முதலில் வைத்தாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னாள்: "உள்ள நீங்க தலையா இருங்க. நாங்க இங்க சாப்பிட்டுக்கிடுதோம்."

சாதனா கல்லூரியில் சேர்ந்தாள். முழங்காலில் புத்தகத்தை வைத்து அந்தப் படிக்கட்டில்தான் படித்தாள். பட்டம் வாங்கினாள், இப்போது நகரத்தின் மறுகோடியில், சால்ட் லேக்கில் வேலை. வேறு வீடு பார்க்கலாம் என்று அம்மாவிடம் கேட்டாள். இந்த வீட்டு வாடகைச் சீட்டில் இருபது வருஷம் நான் பாத்திரம் தேய்த்த உழைப்பும் இருக்கிறது, நான் ஏன் போகவேண்டும் என்று சௌந்தரம் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் சிலிண்டரைப் பற்றி முறையிட்டார், பிறகு விட்டுவிட்டார். மழைக்காலத்தில் கிராதி வழியாகச் சாரல் அடிக்கும். மாஷி பழைய பிளாஸ்டிக் தாளைக் கட்டிக் கொடுத்தாள். சமைப்பதும் சாப்பிடுவதும் வெளியே, தூங்குவது உள்ளே. கட்டடத்துக்குப் பழகிவிட்டது.

பிரேம்குமார் உள்ளே தனக்கென்று ஓர் அடுப்பு வாங்கினார். தினமும் சாயங்காலம் மூன்று பேருக்கு உலை வைத்து, கையை நீட்டி ஜெபிக்கிறார். முன்னைவிட நீளமான ஜெபம். மனைவி மகள் பெயரை இரண்டு தரம் சொல்கிறார். அற்புதம் ஒருநாளும் தவறியதில்லை. அப்படி ஒரு வாசனையான சோறு கிடர்பூரில் வேறெங்கும் வேகாது என்கிறார்கள். மூன்று தட்டில் போட்டு, ஒரு தட்டில் சாப்பிடுகிறார். தந்தையர் ஞாயிறன்று இன்னும் சாட்சி சொல்கிறார், சபை இன்னும் கைதட்டுகிறது. நிலைப்படியைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அவரும் அவர்களோடு உட்காரலாம்; யாரும் தடுக்கவில்லை. அவர் வரவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. உள்ளே ஆமென் கேட்கிற நேரத்தில் வெளியே பாத்திரம் கழுவி முடித்திருப்பார்கள்.