கையெழுத்துக்கு முன்

மே மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு உதவி எண் மையத்துக்கு அன்றைய பட்டியல் வந்து சேர்ந்தது. மையம் பொது நூலகத்தின் வாசிப்பு அறையில் இயங்கியது. பட்டியலின்படி நகரத்தின் ஒன்பது மருத்துவமனைகளில் ஆக்சிஜன் வசதியுள்ள அறுபத்து மூன்று படுக்கைகள் காலியாக இருந்தன.

பூகோள டீச்சருக்கு ஐந்தாம் எண் மேசை. பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஆசிரியர்கள், நில அளவையர்கள், மின்சார மீட்டர் பார்ப்பவர்கள் என்று கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் ஓர் ஆணை போட்டு இங்கே உட்காரவைத்திருந்தார்கள். வேலை எளிது. அழைப்பவரிடம் நோயாளியின் வயதையும் ஆக்சிஜன் அளவையும் கேட்க வேண்டும். பட்டியலைப் பார்த்து அருகிலிருக்கும் மருத்துவமனையின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கணினியில் ‘தீர்ந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தினால்தான் அடுத்த அழைப்பு வரும். வேறு பொத்தான் கிடையாது. ‘இல்லை என்று சொல்லக் கூடாது’ என்று அச்சடித்த தாள் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டப்பட்டிருந்தது. நாள் முடிவில் எத்தனை அழைப்புகள் தீர்ந்தன என்பதை ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் வாசிப்பார்.

நான்காம் மேசையிலிருந்த மீட்டர்காரர் இருபது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். “முன்னாடி திட்டு வாங்கணும்னா மூணு மாடி ஏறணும் டீச்சர். இப்ப ஃபேனுக்குக் கீழ உக்காந்த இடத்துக்கே வருது. பிரமோஷன்தான்,” என்பார். முதல் வாரம் அவள் சிரித்தாள். மூன்றாவது வாரத்தில் அவரே அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். திட்டுபவர்கள் யாரும் அவளைத் திட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அரசாங்கத்துக்கு ஊரில் எத்தனையோ கட்டடங்கள் இருந்தன. கூப்பிட்டால் எடுக்கிற குரல் இது ஒன்றுதான்.

வீட்டுப்பாடம் கொடுத்தால் மறுநாள் திருத்துவது பத்தொன்பது வருடப் பழக்கம். அதனால்தான் அவள் ஒரு தப்பு செய்தாள். அழைப்பவர்களின் எண்களைக் குறித்துவைக்கக் கூடாது என்ற உத்தரவை மீறி, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிவந்தாள். திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், காலையில் தான் அனுப்பியவர்களில் பதினொரு பேரைத் தன் சொந்த போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். பதினொரு பேருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஒருவர் சொன்னார்: “உதவி எண்ல அனுப்பினாங்கன்னு சொன்னோம்மா. கேட்ல இருந்தவன், ‘அங்கயே போய் படுத்துக்கச் சொல்லுங்க’ங்கறான்.”

செவ்வாய் காலை பட்டியல் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனாள். அவர் நகரமைப்புத் துறைக்காரர். இரண்டு முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன, அவையும் சிவந்திருந்தன.

“சார், இது நேத்து ராத்திரிக் கணக்கு. பத்து மணிக்கு நம்ம கைக்கு வர்றப்ப இதுல ஒண்ணுகூட மிச்சமில்ல.”

“மேடம், நாம தபால்காரங்க மாதிரி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பாக்கறது நம்ம வேலை இல்ல.”

“வீடே இல்லாத அட்ரஸுக்குத் தபால் போட்டா திரும்பியாவது வரும் சார்.”

அவர் பட்டியலை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு தணிந்த குரலில், “போன வாரம் என் மச்சானுக்கு முடியாமப் போச்சு. நான் இந்தப் பட்டியலைப் பாக்கல மேடம். தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கால்ல விழுந்தேன். போதுமா? போய் உக்காருங்க,” என்றார்.

அவள் போய் உட்கார்ந்தாள். பெயர்களை வாசித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றேகாலுக்கு ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. “காலைல பேசினது நீங்கதானே? அந்தக் குரலை எப்படி மறப்பேன்! வடக்கு ஆஸ்பத்திரில ஆறு பெட் காலின்னு சொன்னீங்கல்ல?”

டீச்சருக்கு நினைவிருந்தது. தம்பி, வயது முப்பத்து நான்கு, ஆக்சிஜன் எண்பத்தேழு. வடக்கு மருத்துவமனை என்று சொன்னவள் அவள்தான்.

“ரெண்டு மணி நேரமா கேட்டுக்கு வெளிய நிக்கிறோம். வேன்ல பின் சீட்டுல படுக்க வெச்சிருக்கேன். இப்ப எண்பத்தொண்ணு காட்டுது. அந்த ஆறு பெட்டைக் கொஞ்சம் எனக்குக் காட்டுங்க. எந்த மாடி, எந்த ரூம்? சொல்லுங்க. ஓட்டு கேக்க மட்டும் வீட்டு நம்பரோட வரத் தெரியுதுல்ல உங்களுக்கு? டிவில உங்க ஆளு போதுமான படுக்கை இருக்கு, பதறாதீங்கன்னு சொல்றான். அவனை வந்து இங்க பதறாம நிக்கச் சொல்லுங்க!”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பட்டியலில் அடுத்த பெயர் தெற்கு மருத்துவமனை, நான்கு படுக்கைகள். அதைச் சொல்லிவிட்டால் அழைப்பு தீர்ந்துவிடும். பன்னிரண்டு கிலோமீட்டர், பாலத்தில் போலீஸ் தடுப்பு, அங்கும் மூடிய கேட். அவள் தாளைக் கவிழ்த்துவைத்தாள்.

“அக்கா, பெட் இல்ல. நான் காலைல சொன்னது தப்பு. எங்க பட்டியல்ல இருக்கறது எதுவும் உண்மை இல்ல.”

மறுமுனை சட்டென்று அடங்கியது. திட்டுவதற்குத் தேவையான பலம்கூட போய்விட்டதுபோல, “அப்ப நான் என்னம்மா செய்ய?” என்று கேட்டது.

“தம்பியைக் குப்புறப் படுக்க வைங்க. லைனைக் கட் பண்ணாதீங்க.”

ஹெட்போன் ஒரு காதில் இருக்க, மறு காதில் தன் போனை வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். மருத்துவமனைகளைக் கூப்பிட்டுப் பயனில்லை, யாரும் எடுப்பதில்லை. நேற்றும் இன்றும் தான் அனுப்பியவர்களில் எப்படியோ உள்ளே நுழைந்தவர் ஒருவராவது இருந்தால், அவருக்கு உள்நிலவரம் தெரியும். முதல் ஆறு பேரில் நான்கு பேர் இன்னும் தெருவில். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஏழாவது எண் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக்குடையது.

“சொல்லுங்க,” என்றான்.

“உதவி எண்லேருந்து. நேத்து உங்க அப்பாவுக்கு…”

“ரயிலடி ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். ஆறு மணி நேரம் அப்பாவைத் தோள்ல சாச்சுக்கிட்டு கேட்லயே நின்னேன். சாயங்காலம் எடுத்தாங்க. இப்ப, பன்னெண்டரைக்குப் போயிட்டாரு.”

அவளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் இருந்தன. அவற்றைச் சொன்னாளா என்பது பிறகு நினைவில் இல்லை. இடது காதில் அந்த மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டாள்.

“தம்பி, மன்னிச்சுக்கங்க. அப்பா இருந்த பெட்டுக்கு வேற யாராவது வந்துட்டாங்களா?”

வைத்துவிடுவான் என்றே நினைத்தாள்.

“இல்ல,” என்றான். “அப்பாவைக் கீழ கொண்டுபோயிட்டாங்க. பெட்டை விடற பாரத்துல நான் கையெழுத்து போடணுமாம். அதுவரைக்கும் பெட் அப்பா பேர்லதான். போட்டதும் மேலேருந்து யாரோ சொல்ற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு நர்ஸம்மாவே சொல்றாங்க. யாரு, உங்க சொந்தமா?”

“இல்ல. நான் தப்பான இடத்துக்கு அனுப்பின ஆளு.”

“எவ்ளோ நேரத்துல வருவாங்க?”

வடக்கு மருத்துவமனையிலிருந்து ரயிலடிக்கு ஒன்பது கிலோமீட்டர். வகுப்பில் நகர வரைபடத்தைக் கரும்பலகையில் பார்க்காமல் போடுகிறவள் அவள். “ஒரு மணி நேரம்,” என்றாள்.

“வரச் சொல்லுங்க. நான் பேனாவைத் தொடல.”

டீச்சர் வேனை வழிநடத்தினாள். பாலம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்புங்கள், மர மில்லை ஒட்டி ஒரு மண்பாதை, அதில் லெவல் கிராசிங். கிராசிங்கில் சரக்கு வண்டி ஒன்று இருபது நிமிடம் நின்றது. எழுபத்தெட்டு என்றாள் அக்கா. எழுபத்தாறு என்றாள். திட்டவில்லை. தம்பியின் செல்லப்பெயரைச் சொல்லிச் சொல்லி, “டேய், எனக்கு வாட்ச் வாங்கித் தரேன்னு சொன்னியேடா, தூங்கிடாத,” என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். மீட்டர்காரர் ஒரு தம்ளர் தண்ணீரை ஐந்தாம் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்றார். அவருடைய திரையில் ஐந்தாம் எண் அழைப்பு சிவப்பாகியிருந்தது.

“மேடம், ஒரே கால் அம்பது நிமிஷமா ஓடுது. வெளிய நூறு பேர் லைன்ல நிக்கிறாங்க. தீர்ந்துச்சா?”

“இல்ல சார்.”

அந்த நூறு பேரும் அவள் நினைப்பிலும் இருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பதிவேட்டையும், அதிலிருந்த எண்களையும், கவிழ்ந்துகிடந்த பட்டியலையும் பார்த்தார். தன் இடத்துக்குப் போய்ப் பணிக்குறிப்பில் ‘ஐந்தாம் இணைப்பு பழுது’ என்று எழுதினார்.

ரயிலடி மருத்துவமனையில் இரண்டு முறை ஆள் வந்து மெக்கானிக்கிடம் கையெழுத்து கேட்டார்கள். முதல் தடவை, அண்ணன் வர வேண்டும் என்றான். அவனுக்கு அண்ணன் இல்லை. இரண்டாம் தடவை, பாரத்தில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதைக் கையில் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். “இவ்ளோ நேரமா படிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு?” என்று கேட்டார்கள். நர்ஸ் மட்டும் ஒன்றும் கேட்காமல், கட்டிலுக்குப் புது விரிப்பு எடுத்துவைத்தாள்.

மூன்று மணிக்குச் சற்று முன்பு, தன் அண்ணன் வருகிறான் என்று மெக்கானிக் கேட்டில் சொல்லிவைத்திருந்த வேன் உள்ளே வந்தது. யாரையும் கேட்காமல் அவனே ஓடிப்போய்த் தம்பியின் கால்பக்கம் பிடித்தான். இதை டீச்சர் பார்க்கவில்லை. அக்கா கைப்பையில் போட்ட போனில் செருப்புச் சத்தங்களையும், “தலையைப் பாத்து, தலையைப் பாத்து,” என்ற ஓர் ஆண் குரலையும் கேட்டாள். பிறகு இணைப்பு அறுந்தது. கணினி அடுத்த அழைப்புக்காகப் பொத்தானைக் காட்டி நின்றது.

மூன்று பத்துக்குத் தம்பியை நான்காம் மாடியில் அந்தக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அப்போது எழுபத்து நான்கு இருந்தது. மூன்றேகாலுக்கு மெக்கானிக் கையெழுத்து போட்டான். பிணவறை வாசலில் அவனுக்கு முன்னால் பத்தொன்பது பேர் நின்றிருந்தார்கள்.