கசகசா அளவில் ஒரு ஃபியூஸ்

சர்பத்துக்குக் கசகசா ஊறவைக்கும்போதெல்லாம் மேபலுக்கு 2007இன் அந்தப் பிற்பகல் நினைவுக்கு வரும். சிரிப்பும் வரும், கூடவே கண்ணும் கலங்கும்.

அப்போது கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் போன் திருத்தியவர் அவளுடைய கணவர் நோபேட் என்றுதான் ஊருக்குத் தெரியும். சுவரில் தொங்கிய டிப்ளோமா அவருடையது. வாயும் அவருடையது. எது பழுது என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மனிதருக்குக் கை நடுங்கும். கசகசா அளவுச் சாமானைச் சாமணத்தால் தூக்கினால் அது எங்கேயாவது பறந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்ததெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த மேபல்தான். கிட்டப்பார்வைக்காரி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எறும்பின் மீசையும் தெரியும். சூட்டுக்கோலை வைத்து, 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று மனதுக்குள் சொல்லி எடுத்துவிடுவாள். அதற்குமேல் ஒரு சொல் போனாலும் சாமான் கருகிப்போகும்.

"நோபேட்டுக்குத் தங்கக் கை" என்று வருகிறவர்கள் புகழ்வார்கள். அவரும் மறுக்கமாட்டார். ஐந்து வருடமாக மேபலுக்கு அதைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்தது.

அன்று பொலிஸும் ராணுவமும் தெருவைச் சுற்றிவளைத்துச் சோதனை போட்டார்கள். தமிழர் வீட்டில் வயர் கிடந்தால் குண்டு செய்கிறான் என்றே நினைக்கும் போர்க்காலம். பக்கத்துத் தெரு ரேடியோக்கார செபஸ்தியனைக் கொண்டுபோய் மூன்று மாதம். இன்னும் வீடு திரும்பவில்லை. மேசையைப் பார்த்த இன்ஸ்பெக்டர், சார்ஜ் ஏறாத தன்னுடைய போனையே எடுத்துப் போட்டார். திருத்திக் காட்டு, இல்லையென்றால் ஜீப்பில் ஏறு என்றார் சிங்களத்தில்.

ஃபியூஸ் போயிருந்தது. மாற்று ஃபியூஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நோபேட் தூக்கினார், அது பறந்தது.

ஆயுதம் தேட வந்த இரண்டு சிப்பாய்கள் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று நிலத்தைத் தடவினார்கள். திரையை விலக்கிக்கொண்டு மேபல் வந்தாள்.

"உள்ள போ மேபல்! நான்தான் திருத்துறனான்" என்று கத்தினார் நோபேட்.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தாள். இன்ஸ்பெக்டரின் சப்பாத்து நுனியில் இருந்ததை விரலை நனைத்து ஒற்றி எடுத்தாள். சாமணத்தை வாங்கி, சூட்டுக்கோலை வைத்து, மரியே வாழ்க என்றதும் எடுத்தாள். சார்ஜரைச் செருகியதும் திரை வெளிச்சமானது. இன்ஸ்பெக்டர் அவளையும் டிப்ளோமாவையும் மாறி மாறிப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் தெருமுனை தாண்டியதும் மேபல் வெடித்தாள். "ஜீப் வாசல்ல நிக்கேக்கயும் உங்களுக்குப் பெருமையோ கேக்குது?"

நோபேட் கதிரையில் சரிந்தார். "பெருமை இல்லையடி. வயர் கிடக்கிற வீடு. ஒரு நாளைக்கு வருவாங்கள் எண்டு தெரியும். வந்தா என்னைக் கொண்டுபோகட்டும் எண்டுதான் வேலை முழுக்க என்ர பேரிலயே விட்டனான்."

ஐந்து வருடக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேபல் கண்ணாடியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

நோபேட் காலமாகி நாலு வருடமாகிறது. அந்த டிப்ளோமாவை அவள் இன்னும் கழற்றவில்லை.