இரண்டு இடத்தில் ஒரே வெள்ளி

காலை ஒன்பது மணி. பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டபடி குமரகுரு கைப்பேசியைப் பார்த்தார். மூன்றாவது நாளாக வெள்ளி விலை சரிந்திருந்தது.

உள்ளே அவர் மனைவி சங்கரி பழைய புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குக் கர்ப்பப்பையில் அறுவைச் சிகிச்சை. ஓராண்டாக மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு.

சரிகையை விரலில் உருட்டியே அதில் வெள்ளி எவ்வளவு என்று சொல்லிவிடுவார் குமரகுரு. அந்த விரல் வெள்ளியின் விலையையும் அறியும் என்று நம்பிவிட்டார். சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தில் பாதிக்குச் சரிகை வாங்கி பீரோவில் வைத்தார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்காதண்ணா, பிரிச்சுப் போடு" என்று ஒரு தரகன் சொன்னதும், மீதியை முன்பேரச் சந்தையில் வெள்ளி ஏறும் என்று கட்டினார். அங்கே கட்டுவது சிறு முன்பணம்தான். நஷ்டமோ மொத்த வெள்ளியின் விலைக்கும் கணக்காகும். சங்கரியிடம் பேங்கில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

தரகன் போனில் கூப்பிட்டான். "பதினோரு மணிக்குள்ள இன்னும் பணம் கட்டணும்ணா. இல்லாட்டி சந்தைக்காரங்களே உன் வெள்ளிய வித்து முடிச்சிடுவாங்க."

குமரகுரு பீரோவைத் திறந்தார். சரிகை முழுவதையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு சரிகை வியாபாரி ராமராஜன் கடைக்குப் போனார்.

"என்னாபா, நெய்யறவன் சரிகைய விக்க வந்துக்கினு இருக்க? வெள்ளி வுழுந்துடுச்சே. வாங்குன வெலைக்கு முக்கால்தான் தருவேன்."

"இது தனியா வெச்சிருந்த பணம்ணா. பாதி இதுல, பாதி சந்தையில."

"அங்க என்னா வாங்குன?"

"வெள்ளி."

ராமராஜன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டும் வெள்ளிதான், பீரோ மட்டும்தான் வேற போல."

கிடைத்ததைக் கட்டினார். மதியத்துக்குள் வெள்ளி இன்னும் இறங்கி அதுவும் போனது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். சங்கரி அழவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடுங்க. அந்தக் கட்டில் வேற யாருக்காவது ஆவட்டும்" என்றாள்.

அவர் போனை வைத்தபோது பக்கத்து வீட்டுக் கதிர்வேல் வாசலில் நின்றான். "அண்ணா, வெள்ளி நல்லா எறங்கிக்கீதாமே. நானும் கொஞ்சம் போடலாமா? உனக்குத்தான் வெள்ளி தெரியும்."

"என் வெரலு சரிகையில வெள்ளி எவ்ளோன்னு சொல்லும் கதிரு. நாளைக்கு அது என்னா வெலன்னு சொல்லாது. பிரிச்சுப் போடறதுன்னா ஒண்ணு வுழறப்ப இன்னொண்ணு நிக்கணும். நாம நெய்யறதும் வெள்ளி, சேத்து வெக்கறதும் வெள்ளி, அங்க போயும் வெள்ளியா? வைத்தியத்துக்கு வெச்ச காச மட்டும் எந்தச் சந்தைக்கும் எடுத்துக்கினு போவாத. நான் போனேன்."

உள்ளே சங்கரி பையிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.