இரண்டு சொட்டும் நீல மூடிக் கேனும்

...நகரேன், என் தங்கமில்ல, இன்னும் ஒரு நகக்கண் தூரம்தான், அப்புறம் நீ எப்படியும் போ, ஆனால் குமிழிக்கு என் கெஞ்சல் எங்கே கேட்கிறது, கண்ணாடிச் சில்லுக்குள் முடியளவு வாய்க்கால், அதன் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு, சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மாட்டேன் என்கிற என் மகளைப் போல... மதிப்பீட்டுக்கு வந்த அம்மாள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், குரல் கேட்கிறது, அவர் கண் முன்னால் இது ஓடினால்தான் எனக்கு வேலை நீட்டிப்பு, இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், இந்த நேரம் பார்த்தா குமிழி? ஆற்றுத் தண்ணீரிலிருந்து பூச்சிமருந்தைப் பிரித்தெடுக்கப் புட்டி புட்டியாகக் கரைப்பான் எதற்கு, இந்தச் சில்லில் இரண்டு சொட்டு போதும், இதுதான் என் பாட்டு, வீட்டிலும் இதே பாட்டு, கணவர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் ஆரம்பித்துவிடுவேன், பாவம், மனுஷன் குழாயை மூடிவிட்டு வாய் நிறைய நுரையோடு முழித்துக்கொண்டு நிற்பார்... சரி, கழுவிவிட வேண்டியதுதான், சில்லையும் குழாய்களையும் கழற்றி, பீச்சுப் புட்டியால் கரைப்பானை அடித்து, ஒரு தடவை, இன்னொரு தடவை, மனசு கேட்காமல் இன்னும் ஒரு தடவை, எல்லாம் மேசைக்கடியில் இருக்கும் கழிவுக் கேனுக்குள் களக் களக்கென்று விழுந்தது.

அந்தச் சத்தம் ஏன் இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது? குனிந்து பார்த்தேன், கழுத்து வரை நிறைந்திருந்தது, குலுக்கல் அண்ணனுடையதாக இருக்கும், இல்லையே, அவருடையது சிவப்பு மூடி, இது நீலம், என்னுடையது... மேசையின் மறுபாதி அவருடையது, பழைய முறைக்காரர், கண்ணாடிப் புனலில் தண்ணீரையும் கரைப்பானையும் ஊற்றிக் கை ஓயக் குலுக்குவார், "உங்க புனல் ஒரு வேளைக்குக் குடிக்கிறது எனக்கு வருஷத்துக்கே போதும்ண்ணே" என்று நான் சீண்டாத நாள் இல்லை, அவரும் "மகராசி, நல்லா இரு" என்று சிரித்துவிட்டுக் குலுக்குவார். சாயங்காலமானால் இரண்டு கேன்களையும் அவரே கழிவுக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போவார், "போற வழிதானேம்மா" என்பார், நான் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்தால்தானே, அந்தக் கேன் எவ்வளவு கனத்தது என்று ஒரு நாளாவது கேட்டேனா? இந்த வாரம் குலுக்கிக் குலுக்கி அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது, கேன் நகரவில்லை, அவ்வளவுதான் விஷயம்... அப்படியானால் இரண்டு சொட்டு? இரண்டு சொட்டுதான், அதில் பொய்யே இல்லை, அந்த இரண்டு சொட்டைக் கழுவத்தான் ஒரு கேன், ஐயோ, என் மானமே போச்சு.

அம்மாள் வந்துவிட்டார், சில்லை மாட்டினேன், பம்பைத் தட்டினேன், குமிழி இல்லை, சொட்டு சமர்த்தாக வளைந்து நெளிந்து போனது, "அட, இவ்வளவுதானா?" என்று அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், நான் "இவ்வளவுதான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே காலால் நீல மூடிக் கேனை உள்ளே தள்ளினேன், அசையவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளினேன், களக் என்றது. அவர் குனிந்தார். "ரெண்டு கேன் இருக்கே, யாரோடது?" சொன்னால் வேலை போச்சு, சொல்லாவிட்டால்... "ரெண்டும் என்னோடதுதான் மேடம்" என்றார் குலுக்கல் அண்ணன், தோளைத் தடவிக்கொண்டே, "பழைய முறை பாருங்க, ரொம்பக் குடிக்கும்." அம்மாள் உச்சுக் கொட்டினார், "சீக்கிரம் நிறுத்திடலாம் இதை" என்று அண்ணனின் புனலைக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேனே, வெட்கங்கெட்டவள்... "அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க?" "முதல்ல குமிழியைப் பாரும்மா" என்றார், அவர் கண் சில்லின் மேல் இருந்தது, ஆமாம், மறுபடியும் அதே வளைவில் வந்து உட்கார்ந்திருந்தது, கை தானாகப் பீச்சுப் புட்டியை எடுத்துவிட்டது, அடிக்கப் போனேன், கேனில் இடமில்லை, ஓடிப் போய் அந்த அம்மாளைக் கூப்பிட்டு நீல மூடி என்னுடையது என்று சொல்ல வேண்டும், இப்போதே, கதவு இதோ இருக்கிறது, புட்டியைக் கீழே வைத்தால் போதும்...