பச்சை வளையமும் டாக்டர் வுகாஷினும்

எழுதிப் பழகாத செவிலி நான். கற்றறிந்த வாசகர்களின் நேரத்தைக் கோரும் துணிவுக்காக முதலிலேயே பொறுத்தருள வேண்டுகிறேன்.

நீஷ் நகரில் நான் பணிபுரியும் மருத்துவமனையில், புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உண்டா என்றறிய ஊசியால் சதைத்துணுக்கு எடுப்பார்கள். அந்த ஊசிக்கு எம்முறை சிறந்த வழிகாட்டி என்று ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் வுகாஷின் எம்ஆர்ஐ படத்தை மனத்தில் நிறுத்தி, அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி குத்துவார். டாக்டர் தெசாங்காவுக்கோ, கணினி அவ்விரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, குத்தவேண்டிய இடத்தைப் பச்சை வளையமாகக் காட்டும். ஒரே நோயாளிக்கு இருவரும் தனித்தனியே எடுப்பர். ஒருவர் குறிபார்க்கையில் மற்றவர் பேசலாகாது. அதுவரை வளையமே முந்தியிருந்தது.

அன்று வந்தவர், பூரெக் என்னும் இறைச்சி அடை விற்கும் கடைக்காரர் ராதொயே. வெறும் அல்ட்ராசவுண்டை நம்பி ஏற்கெனவே இருமுறை குத்தியும் எதுவும் அகப்படவில்லை. இரத்தத்தில் இந்நோயைச் சுட்டும் பிஎஸ்ஏ அளவோ ஏறிக்கொண்டேயிருந்தது. எம்ஆர்ஐயில் மட்டும் சுரப்பியின் முன்புறம் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. இம்முறையும் தவறினால் நோய் உள்ளேயே வளரும்.

ஒருக்களித்துப் படுத்த ராதொயே, "என் கல்யாணத்தன்னிக்குக்கூட இத்தனை பேர் என்னைப் பாக்கலம்மா," என்றார்.

தெசாங்கா ஊசியை நெருக்கினார். திரையைக் கவனித்திருந்த வுகாஷின் தொண்டையைச் செருமினார்.

"தெசாங்கா, கொஞ்சம் நில்லு. உன் வளையம் மூத்திரப்பையில உக்காந்திருக்கு."

"பேசக் கூடாதுன்னு விதி எழுதினதே நீதான்யா."

"எழுதினேன். படுத்திருக்கிற இவரு எழுதலையே."

தெசாங்கா திரையை உற்றுப் பார்த்து ஊசியை விலக்கினார். விசாரித்ததில் ராதொயே கூச்சத்துடன் ஒப்புக்கொண்டார்: வயிற்று ஸ்கேனுக்குப் போவதுபோல் நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து மனைவி அனுப்பியிருக்கிறார், அவரும் அடக்கிக்கொண்டே படுத்திருக்கிறார். எம்ஆர்ஐ எடுத்தபோது காலியாயிருந்த பை, இப்போது நிரம்பிச் சுரப்பியைக் கீழே தள்ளியிருந்தது. அவர் கழிப்பறை சென்று வந்தபின் இரு படங்களும் பொருந்தின. இருவரின் துணுக்குகளிலும் நோய் அகப்பட்டது.

எம்முறை உயர்ந்தது என்று கூறும் தகுதி எனக்கில்லை. பிழையைக் கண்ட அந்தக் கண்ணையும், வீம்பின்றி விலகிய அந்தக் கையையும் வணங்குகிறேன்.

இழப்புகளையும் கூறிவிடுகிறேன். பேசிவிட்டபடியால் ராதொயேயின் முடிவு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. வுகாஷின் முந்தும் வாய்ப்பை இழந்தார். ராதொயே அறுவையில் சுரப்பியை இழந்தார். அத்துடன், சிரிக்கும்போது சிறுநீரை அடக்கும் திறனையும்.