மன்ஹரின் காற்றுமானி

அகமதாபாத்தின் அந்தச் சந்தில், ஊரே பட்டம் விடும் உத்தராயணத்தன்று காற்று இல்லையென்றால் இழவு விழுந்த மாதிரிதான். அதற்காகவே மன்ஹர் டிசம்பர் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு காற்றுமானி செய்தான். பட்டாணி அளவு தெர்மாகோல் உருண்டை, தையல் நூல், மகளின் பழைய பாகைமானி. மொட்டைமாடிக் கதவின் சட்டத்தில் ஆணியடித்து மாட்டினான். பூனை மூச்சு விட்டால்கூட உருண்டை நகரும். பத்து டிகிரி சாய்ந்தால் பட்டம் ஏறும். இதைச் சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டும் வந்திருந்தான்.

அன்று காலை மற்ற மாடிகளில் யாரும் பட்டத்தைத் தொடவில்லை. காற்று வரட்டும் என்று ஜிலேபி தின்றுகொண்டிருந்தார்கள். மன்ஹரின் உருண்டை மட்டும் பன்னிரண்டில் நின்றது. நாலு முறை பட்டத்தைத் தூக்கிவிட்டான். நாலு முறையும் பட்டம் தொப்பென்று தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது.

"என்ன மன்ஹர் பாய், உங்க மாடியில மட்டும் புயலா?" எதிர் மாடி பிபின் கத்தினான். எல்லா மாடியும் சிரித்தது.

பின்னால் நூல் உருளையைப் பிடித்து நின்றவள் அவன் மனைவி ரமிலா. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் பிடிக்கிறாள்.

"காத்தெல்லாம் இருக்கு. இவதான் உருளையை இறுக்கிப் பிடிச்சுத் தொலைக்கிறா!" மன்ஹர் ஊருக்கே கேட்கக் கத்தினான். "கீழ போ. போய் அடுப்பைப் பாரு."

"லூசாத்தாங்க பிடிச்சேன்..."

"போன்னா போ!"

உருளையைத் தரையில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் இறங்கினாள். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

உருண்டை ஆடி அடங்கி, பூஜ்யத்தில் நின்றது.

மன்ஹருக்கு விளங்கிவிட்டது. இத்தனை நேரம் அது அளந்தது, சமையலறைச் சூட்டோடு படிக்கட்டு வழியே ஏறி வந்த காற்றை. காதெல்லாம் சுட்டது. தப்பு என்னுது என்று இப்போதே கத்தியிருக்கலாம். கத்தினால் பிபினின் வாய் பத்து வருஷத்துக்கு ஓயாது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், காலால் கதவை மெல்லத் திறந்துவிட்டான்.

"இப்ப எவ்வளவு பாய்?" பிபின் கேட்டான்.

"பன்னெண்டு," என்றான். தன் குரலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு நிஜக் காற்று வந்தது. ரமிலா எள்ளுருண்டைத் தட்டோடு மேலே வந்து, யாரும் சொல்லாமலே உருளையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். பட்டம் விர்ரென்று ஏறியது.

"ரமிலா பென், இந்தத் தடவை இறுக்கிடாதீங்க!" என்றான் பிபின். மறுபடி சிரிப்பு.

"காலைல நான்தான் இறுக்கிட்டேன் போலங்க," என்றாள் ரமிலா, மன்ஹருக்கு மட்டும் கேட்கும்படி. "இப்ப சரியாப் பிடிக்கிறேனா?"

மன்ஹர் திரும்பவில்லை.

"ம்," என்றான்.