ஹப்ஸாவின் சனிக்கிழமை

சூறாவளி அடித்து எட்டு மாதமாகியும் ஹப்ஸா வாய் திறக்கவில்லை. தென்னை விழுந்து கூரை இறங்கியபோது உம்மாவும் அவளும் ஒன்றாகத்தான் கிடந்தார்கள். விடிந்து ஆட்கள் ஓடுகளை விலக்கி எடுத்ததில் மகளுக்கு மட்டும் உயிர் இருந்தது. வாப்பா கச்சிமுகம்மது வயல் காவல் வாடியில் வெள்ளத்துக்குள் அகப்பட்டு, மனைவியின் மையித்தை அடக்கிய பிறகுதான் கல்முனைக்கு வந்து சேர்ந்தார்.

லெப்பை ஓதி நூல் கட்டினார். ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

ஏ.எல். வகுப்புக்குப் படிப்பிக்கும் ஜவுபர் மாஸ்டர், சூறாவளியில் ஆளைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்துச் சனிக்கிழமை காலையில் கடற்கரையில் சவுக்குக் கன்று நட வைத்தார். மண்ணில் கை பட்டால் மனப்பாரம் குறையுமாம். கச்சிமுகம்மது நம்பவில்லை. காசு வாங்காமல் எவன் மரம் நடுவான்? காணி பிடிக்கிற வேலை இது என்றார்.

அவர் தங்கச்சி சபூறாதான் அண்ணனோடு சண்டை பிடித்தாள். "மூலைக்குள்ள கிடந்து மக்கிப் போகவா காக்கா? வெயிலாவது படட்டும்!"

ஹப்ஸா மூன்று மாதம் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை பகல், அவர் சோறு தின்றுகொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாப்பா, நாளைக்குத் தண்ணி ஊத்துற முறை எனக்கு. வெள்ளனப் போகணும்."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அந்த மனிதருக்கு அழத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கதைக்கிறாள் என்றால் சுகமாகிவிட்டாள், சுகமானவளுக்குக் கடற்கரை எதற்கு என்றுதான் அவர் புத்தி போனது. மறுநாள் சம்மாந்துறையிலிருந்து சம்பந்தம் கதைக்க ஆட்கள் வர இருந்தார்கள். அப்படி ஒரு கதை தொடங்கினால் பெண் வாசல் தாண்டக் கூடாது.

"அல்ஹம்துலில்லாஹ்! இனி அங்க போகத் தேவல்ல மகள். நாளைக்கு ஆக்கள் வாறாங்க."

"என்ட கண்டெல்லாம் காஞ்சிரும் வாப்பா."

"காஞ்சா காயட்டும். அது என்ன நம்மட சொத்தா?"



வந்தவர்களில் மாப்பிள்ளையின் உம்மா ஹப்ஸாவின் தாடையைத் தொட்டு, "பேரென்ன மகள்?" என்றாள். மூன்று தரம் கேட்டாள். ஹப்ஸா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊமப் புள்ளய எங்கட தலையில கட்டப் பாத்தீங்களோ?"

"இல்ல ராத்தா, நேத்துக் கதைச்சாள். அல்லாவுக்காக, கதைச்சாள்!"

"அப்ப என்ன கதைச்சாளாம்?"

வந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் அவளைக் கெஞ்சிப் பார்த்தார். கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாலும் அவள் எழும்பவில்லை. கடைசியில் ஜவுபர் மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"மாஸ்டர், உங்களோட எப்பிடிக் கதைச்சாளோ, அப்பிடி ஒருக்கா வந்து கதைக்க வைங்க."

மாஸ்டர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "எங்களோட அவள் ஒரு நாளும் கதைச்சதில்லயே. கண்டுகளுக்குப் பக்கத்துல குந்தி இருப்பாள், தண்ணி ஊத்துவாள், அவ்வளவுதான். கதைச்சவளா? யாரோட?"

கச்சிமுகம்மது சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் ஹப்ஸா பாய் விரித்துச் சோற்றுக் கோப்பையை வைத்தாள்.

"மகள், வாப்பாவ ஏசு. நல்லா ஏசு. ஏசியாவது ஒரு சொல்லுக் கதை."

அவள் அவர் கோப்பையில் கறியை ஊற்றினாள். தண்ணீரை எடுத்து வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.